ஒயரிங் இன்னும் முடியவில்லை

விஸ்கான்சினில், தன் கைப்படக் கட்டிய இரண்டு இருக்கை விமானத்துக்குப் புதிய கருவிப் பலகை பொருத்திக்கொண்டிருந்தான் ஆர்வின். எந்தக் கருவியிலிருந்து எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று பெரிய தாளில் வரைந்து முடித்த அன்றே வாசலில் இன்னொரு பார்சல் வந்து இறங்கியது.

"மறுபடியும் கருவி வாங்கினியா?" மனைவி மார்லிஸ் சீறினாள்.

"சத்தியமா நான் வாங்கலம்மா. பேரே போடாம யாரோ அனுப்புறாங்க."

"ஆமா, சாண்டா கிளாஸ் அனுப்புறாரு! முதல்ல ரேடியோ, அப்புறம் திரை, இப்ப இது. ஒவ்வொண்ணுக்கும் நீ ஒயர் படத்தை முதல்லேருந்து போடுவே. கார்ல போக ரெண்டு நாளாகுதுன்னு இந்த விமானத்தை நம்பித்தானே உட்கார்ந்திருக்கேன்? மொன்டானாவுல எங்கம்மா பாவம், என்னைப் பார்க்காம ஏங்கிக் கிடக்காங்க."

"அவசரத்துல ஒயரை மாத்திச் சொருகினா நடுவானத்துல புகை வரும். பரவாயில்லையா?"

மார்லிஸ் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

ஆர்வின் பெட்டியைப் பிரித்தான். விமானத்தைத் தானாகவே ஓட்டும் கருவி! அதை ஆசையாகத் தடவிக்கொண்டிருக்கும்போதே செல்போன் அடித்தது.

"பெட்டி வந்துச்சா மாப்பிள்ளை?"

"வந்துச்சு அத்தை. இதுக்கு ஏகப்பட்ட ஒயர். படத்தையே புதுசாப் போடணும்."

"போடு, நிதானமாப் போடு. போன தடவை இங்க வந்தப்ப என் ஃபிரிட்ஜில இருந்த வெண்ணெய், பன்றிக்கறி எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டு, உடம்பு குறையணும்னு விடியக்காலையில என்னை ஓட வேற விட்டா உன் பொண்டாட்டி. அடுத்து என்ன கருவி வேணும்னு இப்பவே யோசிச்சு வை!"