முள் கிடக்கிற இடம்

“ஏனுங்க, இந்த வரப்பை ஒட்டி ஒரு ஓடை போயிருக்கோணுமே?” கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தபடி கேட்டாள் மோகனப்பிரியா.

நிலத்துக்காரன் கதிர்வேல் சட்டென்று திரும்பினான். பக்கத்தில் நின்ற பங்காளி அப்புசாமியைப் பார்த்தான். அவரோ தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோப்பு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வாடல் நோய் வந்து வெட்டித் தள்ளியது போகப் பதினோரு மரம் மிச்சம் நின்றது.

கிணத்துக்கடவுக்கு மேற்கே இருக்கிற இந்த நாலு ஏக்கரைக் கோயமுத்தூர் கம்பெனி ஒன்று வீட்டுமனை போடுவதற்காக வாங்க இருந்தது. அதற்கு முன்னால் ஆய்வறிக்கை வேண்டும். தண்ணீர் போகிற வழி உண்டா, பறவை அடைகிற மரம் உண்டா, கோயில், பழைய கல் உண்டா என்று நேரில் பார்த்து எழுத மோகனப்பிரியாவை அனுப்பியிருந்தார்கள். அறிக்கையில் ஏதாவது வில்லங்கம் வந்தால் கம்பெனி வேறு நிலம் தேடிப் போய்விடும். ஆயிரம் அடி போட்டும் புழுதி மட்டுமே வந்த போர்வெல்லைக் கட்டிக்கொண்டு கதிர்வேல்தான் அழவேண்டும்.

“நீ வாயவே தொறக்காத. நான் பேசிக்கறேன்” என்று அப்புசாமி காலையிலேயே சொல்லியிருந்தார்.

“ஓடைங்களா? அப்படி ஒண்ணும்…” என்று அவர் இப்போது இழுத்தார்.

“இருந்துச்சுங்க அம்மணி” என்று கதிர்வேல் உளறிவிட்டான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். “நாந்தான் மூடிப்போட்டேன். எட்டு வருசமா அதுல தண்ணியே வரலீங்க. சமன் பண்ணிச் சோளம் வெதச்சுப்போட்டேன்.”

சொல்லி முடிப்பதற்குள் காது மடல் சுட்டது. தண்ணீர்ப் பாதையை மூடினவன் என்று ஒரு பெண்பிள்ளை முன்னால் ஒப்புக்கொள்வது லேசான காரியமில்லை.

மோகனப்பிரியா சிரித்தாள். “இதுக்கு ஏனுங்க இப்படிக் கூசறீங்க? மழைத்தண்ணி போறதுக்குக் குழாய் போட்டு வழி உடோணும்னு எழுதிக்கறேன். இதுக்காக யாரும் வாங்காமப் போகமாட்டாங்க.”

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கதிர்வேலுக்கு ஏனோ அப்படி இல்லை.

வழியில் பழைய கிணறு ஒன்று பாதி வரை புதுமண் கொட்டிக் கிடந்தது.

“இதை எப்பங்க மூடுனீங்க?”

“இப்பத்தானுங்க” என்றார் அப்புசாமி. “ஆடு கீடு உளுந்துபோடுது. நீங்க வாங்கம்மணி, வெயில் ஏறுது.”

கிழக்கு மூலையில் பெரிய ஊஞ்சமரம் ஒன்று நின்றது. மோகனப்பிரியா விறுவிறுவென்று அதன் நிழலுக்குப் போய்விட்டாள். பக்கத்துத் தோட்டத்துக் கிளமென்ட்டும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காக வந்து சேர்ந்திருந்தார். ஆண்கள் மூவரும் சற்றுப் பின்தங்கி அவளிடம் வந்தார்கள்.

“இங்க கோயிலு, சாமிக்கல்லு, சமாதி ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்ல, முன்னால இருந்துச்சுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க” என்றார் அப்புசாமி.

“நானும் அம்பது வருசமாப் பாக்கறனுங்க மேடம்” என்று கிளமென்ட் ஒத்து ஊதினார். “இது வெறும் காடுங்க.”

“இருந்தாலும் பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள் அவள். “பூங்காவுக்குன்னு எப்படியும் எடம் உடோணும். சாமிக்கல்லு இருந்தா, அது பூங்காவுக்குள்ள வர்ற மாதிரி மனையைப் பிரிச்சுக்குவாங்க. போன மாசம் மேட்டுப்பாளையத்துப் பக்கம்கூட அப்படித்தான் பண்ணுனாங்க. கும்பிடறவங்க எப்பவும்போல வந்து கும்பிட்டுக்கறாங்க.”

அப்புசாமி தொண்டையைச் செருமினார். கதிர்வேல் தலையைக் குனிந்துகொண்டான். ஓடையை மூடின கூச்சம் இன்னும் இவனுக்குப் போகவில்லை என்று அவள் நினைத்திருக்கலாம்.

“சரிங்க, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்.” மரத்தடியை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

“அங்க வேண்டாமுங்க அம்மணி!” கதிர்வேலின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. “முள்ளுக் கெடக்குதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவள் தள்ளி நின்றே படம் எடுத்தாள். படிவத்தில் ‘வழிபாட்டு இடம்: இல்லை’ என்று எழுதி நீட்டினாள். அப்புசாமி மளமளவென்று கையெழுத்துப் போட்டார். அடுத்து கிளமென்ட். கதிர்வேலுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. தன் பெயரைத் தானே முதல்முறை எழுதுகிறவன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தான். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

காகிதத்தைப் பைக்குள் வைத்த மோகனப்பிரியா கிளம்பவில்லை. அவர்களுடைய கால்களையே பார்த்தாள். பிறகு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஷூ போட்டிருக்கற என்னையவே முள்ளுக் குத்தும்னு தள்ளி நிக்கச் சொன்னீங்க” என்றாள் மெதுவாக. “அப்பறம் நீங்க மூணு பேரும் ஏனுங்க செருப்பை அங்கயே கழட்டி உட்டுப்போட்டு வந்தீங்க?”

நிழல் தொடங்குகிற இடத்தில், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கிளமென்ட்டின் செருப்பு உட்பட, மூன்று ஜோடிகள் வரிசையாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமை ஆகாது என்று போன வியாழக்கிழமையே கிணற்றுக்குள் உருட்டித் தள்ளிய கன்னிமார் கற்கள் ஏழும் இருந்த இடத்துக்கு முன்னால், மூவரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள்.