பதினேழாம் பை

சுவர் கட்டுவதற்காகக் கொழுந்தியாள் வீட்டு வாசலில் கொட்டியிருந்த மணலை மிதித்துவிட்ட அத்தான், செருப்பை உதறிக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மண்ணையும் பாறையையும் சோதிக்கும் ஆய்வகம் அவருடையது.

"வெயில்ல அலைஞ்சு நீ மண்ணு அள்ளினது வீண் போகல! பதினேழாம் பையில லித்தியம் கொட்டிக் கிடக்கு. அந்த இடத்துக்கு அடியிலதான் ஒளிஞ்சிருக்கு. இந்த அறிக்கையில கையெழுத்தைப் போடு, துளை போடுற வேலையையும் நானே எடுத்துக்கிறேன்."

நிலவியல் அதிகாரியான கொழுந்தியாள் பேனாவைத் திறந்தாள்.

"பதினேழாம் பையா அத்தான்? நல்லாப் பாத்தீங்களா?"

"பக்கத்துல நின்னு மூணு தடவை பாத்தேன். அக்கா புருஷன் மேலயே சந்தேகமா?"

அவள் பேனாவை மூடினாள்.

"ஆய்வகம் ஒழுங்கா சோதிக்குதான்னு பாக்க, ஒண்ணுமில்லாத மண்ணை ஒரு பையில போட்டு, மத்த பைகளோட கலந்து அனுப்புவோம். நாளைக்கே எல்லாப் பையும் வேற ஆய்வகத்துக்குப் போகுது. அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அத்தான் நீட்டிய அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்போ... பதினேழுல இருந்தது?"

"இப்ப செருப்புலேர்ந்து உதறினீங்களே, அந்த மணல்தான்."