ஏந்திய கை

கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நின்ற கப்பலிலிருந்து குழாய் வழியாகக் கரைக் கிடங்குக்கு டீசல் வந்துகொண்டிருந்தது. கசிகிறதா என்று பார்க்க, குழாய் இணைப்புக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தி நின்றாள் சகாயமேரி. கப்பலில் பம்பை ஓட்டுகிறவன் அவள் புருஷன் கிளாட்வின். அவனுக்குக் கரையிறங்க அனுமதி இல்லை. டீசல் இறங்கி முடிந்தால் கப்பல் போய்விடும். இனி அவன் வருவது அடுத்த வருஷம்தான். கிடங்கு முழுக்கக் காது வைத்திருக்கும் வாக்கிடாக்கியில் புருஷனும் பெண்டாட்டியும் என்னதான் பேசிவிட முடியும்?

“கரையில கசிவு எதுவும் இருக்கா?” என்றது அவன் குரல்.

அந்நேரம் பார்த்து அவள் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

“சொட்டுது. நிப்பாட்டுங்க.”

பம்ப் நின்றது. குழாயின் அதிர்வு மெல்ல அடங்கியது.

“சரிபண்ண நேரமாவுமா?”

ஸ்பானரால் ஒரு முறுக்கு முறுக்கினால் போதும். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“ஆவும்,” என்றாள்.

“ஆவட்டும். மெதுவாவே செய்யி.”

அடுத்த சொட்டு விழுமுன் போல்ட்டை இறுக்கிவிட்டாள். பிறகு எதுவும் விழவில்லை. சரியாகிவிட்டது என்று அவனிடம் சொல்லவும் இல்லை. ஏந்திய கையை மட்டும் அவள் எடுக்கவே இல்லை.