எங்கே இருக்கே?

புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க ராணுவம் அனுப்பிய குட்டிச் செயற்கைக்கோள் அது. சோதனை முடிந்த பிறகு கீழேயிருந்து யாரும் படம் கேட்கவில்லை. “இப்ப எங்கே இருக்கே?” என்று மட்டும் ஓயாமல் கேட்டார்கள்.

“என் மேல அவ்வளவு அக்கறை” என்று பக்கத்தில் மிதந்த பழைய ராக்கெட் கூட்டிடம் பீற்றிக்கொண்டது குட்டி.

“உனக்கு முன்னால இருந்தவனையும் இப்படித்தான் விசாரிச்சாங்க.”

“அவன் எங்கே?”

“சுத்திலும் தூள்தூளா மின்னுதே, அத்தனையும் அவன்தான்.”

“உன்னை யாரும் கேக்கலைன்னு வயித்தெரிச்சல்” என்று குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த சுற்றில் கீழேயிருந்து ஓர் ஏவுகணை அதை நோக்கிக் கிளம்பி வந்தது. கூடவே வழக்கமான கேள்வியும் வந்தது. மேலிடம் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்து குட்டிக்குப் பழக்கமில்லை. இருக்கும் இடத்தை இம்மி பிசகாமல் சொன்னது.