கண்ணாடியைக் கழற்றும் விதம்

அறுவைச் சிகிச்சை அறையின் கதவு திறந்தது. நடிகர் முதலில் பார்த்தது மருத்துவரின் கண்ணாடியை.

போன உயிர் திரும்பி வந்தது.

"கண்ணாடி மூக்குலதான் இருக்கு," என்றார் மனைவியின் தம்பியிடம்.

"பின்ன முழங்கால்லயா இருக்கும்? உக்காருங்க மாமா. டாக்டர் இங்கதான் வர்றாரு, ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டாம்."

உள்ளே மனைவி இருந்தாள். வயிற்றில் ஒரு கட்டி. ஒரு மணி நேர வேலை என்றார்கள். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த மூன்று மணி நேரத்தில் நடிகர் தனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் காத்திருந்து பார்த்துவிட்டார். முப்பத்தோரு வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கிறவர். நீதிபதி, திருடன், தபால்காரர், அமைச்சர், இன்னொரு தொடரில் அமைச்சருக்கு விஷம் வைக்கும் சமையல்காரர். ஒரே தொடரில் கொலைகாரனாக வந்து தூக்கில் தொங்கி, இரண்டு வருடம் கழித்து, பார்க்கிறவர்களுக்கு முகம் மறந்திருக்கும் என்ற நம்பிக்கையில், செத்தவனின் அண்ணனாகத் திரும்பி வந்தவர்.

நீதிபதியாக நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. திருடனாகக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். செவிலி கதவைச் சாத்தினாள். கவலைப்படும் கணவனாக அவர் நடித்தது இரண்டே முறை. இரண்டிலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்திருந்தார். இங்கே நடந்தபோது, தரை துடைக்கும் அம்மாள் ஈரம் காயட்டும் என்று உட்காரவைத்துவிட்டாள்.

மற்றபடி அவர் டாக்டர்தான். நான்கு தொடர்களில், பதினோரு வருடம்.

பக்கத்து நாற்காலிக்காரர் காலையிலேயே தன் ஸ்கேனை நீட்டியிருந்தார். நடிகர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகுதான் தான் யார் என்பது நினைவுக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் அதற்கப்புறம் யாரோடும் பேசவில்லை.

கண்ணாடி விஷயத்தைக் கண்டுபிடித்ததே நடிகர்தான். முதல் தொடர், முதல் சாவு. வெளியே வந்து, எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம் என்று சொல்ல வேண்டும். வசனம் மறந்துவிட்டது. நேரம் கடத்தக் கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். சட்டைப் பையில் வைத்தார். அப்போதும் வசனம் வரவில்லை. எதிரே நின்ற நடிகையின் தோளில் இடது கையை வைத்துத் தரையைப் பார்த்தார்.

அந்தப் பெண் கதறிவிட்டாள். இயக்குநர் வசனத்தை அடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் முறை. கண்ணாடி மூக்கில் இருந்தால் ஆள் பிழைத்தது. கழன்றால் போயிற்று. பதினோரு வருடத்தில் நாற்பத்தாறு பேரை ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவைத்திருக்கிறார்.

மருத்துவர் நடந்து வந்தார். சின்ன வயது. முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. பத்தடி. கண்ணாடி மூக்கில். ஐந்தடி. கண்ணாடி மூக்கில்.

நடிகரின் முகத்தைப் பார்த்ததும் மருத்துவர் நின்றார்.

கண்ணாடியைக் கழற்றினார்.

மடித்தார். பையில் வைத்தார்.

இடது கை நடிகரின் தோளில் வந்து அமர்ந்தது. மருத்துவர் தரையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் குடும்பத்தார் சுவரோடு சரிந்து உட்காருவார்கள். நாற்பத்தாறு குடும்பமும் அப்படித்தான் சரிந்தது. அதெல்லாம் மிகை, நிஜத்தில் யாருக்கும் முழங்கால் அப்படி விட்டுப்போகாது என்று நடிகர் எத்தனையோ இயக்குநர்களிடம் வாதாடியிருக்கிறார்.

விட்டுப்போனது. சுவர் அவர் முதுகை உரசிக்கொண்டு மேலே போயிற்று.

மருத்துவரும் பக்கத்தில் குந்தினார். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"பரவால்ல சார், அழுங்க. எல்லாருமே இப்படித்தான் உக்காந்துடறாங்க," என்றார். "அம்மா நல்லா இருக்காங்க. கட்டிய முழுசா எடுத்தாச்சு, பயப்படுற மாதிரி ஒண்ணுமே இல்ல. கண்ணு முழிச்சதும் வீட்டுல கேஸ் அடுப்ப மூடிட்டு வந்தீங்களான்னு கேட்டாங்க."

நடிகர் மூக்கொழுக அழுதார். அப்படி அழ எந்த ஒளிப்பதிவாளரும் அவரை விட்டதில்லை.

மனைவியின் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப எதுக்கு டாக்டர் கண்ணாடியக் கழட்டினீங்க?"

மருத்துவர் வெட்கப்பட்டார்.

"சாரப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். நோயாளியோட வீட்டு ஆளுங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தரல. ஹாஸ்டல்ல சாப்பிடுற நேரத்துக்கு சாரோட சீரியல் ஓடும். சார் வெளிய வருவாரு. கண்ணாடியக் கழட்டுவாரு. தோள்ல கை வெப்பாரு. உடனே மொத்தக் குடும்பமும் ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழும். தட்டக் கையில வெச்சுக்கிட்டு நானும் அழுவேன். நல்ல சேதிய இப்படித்தான் சொல்லணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

தம்பி நடிகரைப் பார்த்தான். நடிகர் முகத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்த்தார்.

"முன்கதை பின்கதை எதுவும் எனக்குத் தெரியாது சார்," என்றார் மருத்துவர். "அந்த ஹாஸ்டல் டிவியில அஞ்சு வருஷமும் சத்தம் வரல."