பசிச் செல்

ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன பிள்ளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாகக் கையெழுத்திட்டிருந்த தவமணி, ஆறு வாரம் கழித்து ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏன் தங்கலன்னு யாருமே சொல்லல மேடம். ஒரு தடவ காட்டுங்க."

விதிப்படி காட்டக்கூடாது. ஆராய்ச்சியாளர் யூனிஸ் மனம் கேட்காமல் அவளை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள்.

"இது உங்க பிள்ளையோட கணையம். பச்சையா இருக்கிறதெல்லாம் இன்சுலின் செல்."

"இந்தச் சிவப்பு?"

ஆய்வகத்தில் வழங்கும் செல்லப் பெயர் யூனிஸின் வாயில் வந்துவிட்டது.

"பசிச் செல். பசியைத் தூண்டுற ஹார்மோன் இதுல இருக்கு. கருவுல நிறைய இருக்கும், பிறந்த பிறகு அநேகமா காணாமப் போயிடும். எதுலருந்து வருதுன்னுதான் தேடிட்டிருக்கோம்."

தவமணி கண்ணை எடுக்கவில்லை.

"நெசப் பசியில்லம்மா," என்றாள் யூனிஸ் அவசரமாக. "சும்மா ஒரு பேருதான்."

"அஞ்சு மாசமும் குடிச்ச தண்ணியக்கூட வாந்தியெடுத்தேன். நான் நடிக்கிறேன்னு மாமியா சிரிச்சாங்க. எதுலருந்து வந்துச்சுன்னு இன்னும் என்னத்தத் தேடுறீங்க மேடம்?"

நுண்ணோக்கியின் விளக்கை அணைக்க யூனிஸ் கை நீட்டினாள். பார்வையை விலக்காமலே தவமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.