இருபத்தாறு இஞ்ச் சக்கரம்

நல்ல வண்டியைப் பாழாக்குவதற்கும் ஒரு திமிர் வேண்டும். அந்தத் திமிருக்கு நான் வெல்டிங் வைக்க வேண்டுமா? ஹமீதா பானுவுக்கு உள்ளே எரிந்தது. பட்டறையில் வெட்டுவதும் ஒட்டுவதும் அவள் வேலை.

"தாராசுரத்துக் கல் தேர்ச் சக்கரத்தைக் கழட்டிட்டு வந்துட்டாரா உங்க ஒன்றியச் செயலாளர் மகன்?" என்று கணவன் மூஸாவிடம் கேட்டாள்.

"குரூசர் பைக்குக்கு முன்சக்கரம் பெருசா இருந்தாத்தான் கெத்தாம். ஹேண்டில்பார் மாட்டுற சேஸிஸ் கழுத்தை வெட்டிச் சாய்ச்சு ஒட்டிக் கொடு, புள்ள."

"இருபத்தாறுக்குப் பதிலா இருபத்தொரு இஞ்ச் போட்டா கழுத்தை வெட்டவே வேணாங்க. ஓட்டவும் நல்லாருக்கும்."

"அதெல்லாம் வேணாம்."

"போனைக் கொடுங்க, நானே அந்தத் தம்பிக்கிட்ட சொல்றேன்."

"எந்தச் சக்கரமோ போடு! கழுத்தை மட்டும் வெட்டு!" என்று மூஸா கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்ஜினை மாத்திட்டாங்க. கழுத்துல அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பர்தான் பாக்கி."

போன வாரம் திருவிடைமருதூர் பக்கம், வயலை மனை போடுவதற்காக வாய்க்காலைத் தூர்க்க வந்த லாரிகளை மறித்து நின்றாள் அந்த ஊர் விவசாயி சரசா. அவளை இடித்துக் கொன்ற மோட்டார் சைக்கிளைப் போலீஸ் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேதான் வாங்கி வச்சீங்களா?"

"அவங்க ஆட்சி, புள்ள. முடியாதுன்னா நாளைக்குப் பட்டறையே இருக்காது. வெட்டிடு."

அதுவரை யாரோ ஒரு பையன்மேல் இருந்த கோபம் கணவன்மேல் திரும்பியது. ஆனால் அவள் குரல் உயரவில்லை.

"நான் வெட்ட மாட்டேங்க," என்றாள்.

வெட்டும் மெஷினின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினாள்.